டாக்டர் ருக்மிணியின் நல்ல சாவு

ஸ்ரீவராகம் விஜயத்துக்கு ஐம்பத்தாறு வயதில் ஒரே ஓர் ஆசைதான் பாக்கி இருந்தது. நன்றாகச் சாக வேண்டும்.

பதற வேண்டாம். அவளுக்கு ஒரு நோயும் கிடையாது. பிரஷர் மாத்திரைகூட அவள் கணவர்தான் சாப்பிடுகிறார். விஜயம் சாக ஆசைப்பட்டது காமிராவுக்கு முன்னால். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு, சுற்றிலும் குடுவைகள் கொப்பளிக்க, தான் உண்டாக்கிய பூதத்தின் கையாலேயே அடிபட்டு, கடைசியாக ஒரு தடவை வாய்விட்டுச் சிரித்து, பெரிய சுவிட்சைக் கீழே இழுத்துவிட்டு அப்படியே சரிய வேண்டும். பென்ஷன் வாங்க ஆரம்பித்துவிட்ட ஒரு மாமிக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கலாம். ஆசை வயதைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

இந்தப் பித்து அவளுக்குப் பன்னிரண்டு வயதில் பிடித்தது. அம்மா பக்திப் படம் என்று நினைத்துத்தான் அழைத்துப் போனாள். தியேட்டர்காரர்கள் அன்று காலைதான் படத்தை மாற்றியிருந்தார்கள். போஸ்டரைப் பார்க்கப் பொறுமையில்லாமல் முதல் ஆளாக உள்ளே போய் உட்கார்ந்த அம்மா, விளக்கு அணைந்ததும் கை கூப்பினாள். திரையில் வந்தது பெருமாள் இல்லை. பாதாள அறையில், தலைமுடி நட்டுக்கொண்டு நிற்கும் ஒரு விஞ்ஞானி, பிணத்தின் காதில் வயரைச் சொருகிக்கொண்டிருந்தான். அம்மா புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு ராம நாமம் சொல்ல ஆரம்பித்தாள். இடைவேளையில் எழுந்து போய்விடலாம் என்று கையைப் பிடித்து இழுத்தாள். விஜயம் நாற்காலியை விட்டு அசையவில்லை.

பேய்ப் படம் என்றால் அவளுக்கு ஒன்றுமில்லை. பேய் சும்மா வருகிறது, சும்மா போகிறது, அதற்கு என்ன கஷ்டம்? விஞ்ஞானி அப்படியில்லை. அவன் வேலை செய்கிறான். சாமான் வாங்குகிறான், காய்ச்சுகிறான், வடிகட்டுகிறான், பொங்கி வழிந்தால் துடைத்துவிட்டு மறுபடி அடுப்பு மூட்டுகிறான். வீட்டில் ஒருத்தருக்கும் அவன் மேல் நம்பிக்கை கிடையாது. இவ்வளவும் செய்துவிட்டுக் கடைசியில் செத்தும் போகிறான் பாருங்கள், அங்கேதான் அவன் நிற்கிறான் என்பாள் விஜயம். மலிவுப் படமாக இருக்க இருக்க அவளுக்கு இன்னும் பிடிக்கும். அட்டையில் செய்த யந்திரம் ஆடினால், அது ஆடுகிறது என்று தெரிந்தே நடிக்கிறானே, அவன் அல்லவா நடிகன்!

ஒரே ஒரு குறை. அந்தப் படங்களில் விஞ்ஞானி எப்போதும் ஆண்பிள்ளை. பெண்ணுக்கு விளக்கைப் பிடித்துக்கொண்டு படி இறங்கி, வீல் என்று கத்தி மயங்கி விழுகிற வேலைதான். முப்பத்து மூன்று வருஷம் அரசாங்க ஆபீஸில் டைப் அடித்த விஜயத்துக்கு இது கொஞ்சம்கூடப் பொறுக்கவில்லை.

அவள் கணவர் அனந்தபத்மநாபன் பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர், பரம சாது. பயங்கரப் படத்தின் விளம்பரம் டி.வி.யில் வந்தாலே அடுக்களைக்குப் போய்விடுவார். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து இரண்டாம் சனிக்கிழமை தவறாமல் அவளைத் தியேட்டர் வாசல்வரை கொண்டுவிடுவார். படம் முடியும்வரை எதிர்க் காப்பிக் கடையில் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவள் வெளியே வந்ததும் ஒரே கேள்விதான்.

"முடிஞ்சுதா? ஆள் போயாச்சா?"

"நன்னாப் போயாச்சு" என்பாள், சாவு திருப்தியாக இருந்தால். இல்லையென்றால் உதட்டைப் பிதுக்கி, "சரியாப் போகலை" என்பாள். அவருக்கு அதற்கு மேல் ஒரு விவரமும் வேண்டாம். இரண்டு பேரும் பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

அவள் ரிட்டயராகிற அன்று ஆபீஸில் பிரிவுபசார விழா. வீடியோ எடுக்க வந்தவன் பிஜு என்ற கல்யாண வீடியோக்காரன். சூப்பிரண்டு ஏதோ ஜோக் சொல்ல, இத்தனை வருஷம் ஆபீஸில் அடக்கி வைத்திருந்த சிரிப்பையெல்லாம் விஜயம் ஒரேயடியாக அவிழ்த்துவிட்டாள். விசிறிகூட ஒரு கணம் நின்றதுபோல் இருந்தது. காதில் ஹெட்போன் மாட்டியிருந்த பிஜு அதைக் கழற்றிவிட்டு அவளையே பார்த்தான். அடுத்த வாரம் வீட்டு வாசலில் வந்து நின்று, மலையாளம் கலந்த தமிழில் ஆரம்பித்தான்.

"மாமி, நான் ஒரு குறும்படம் எடுக்குது. நாப்பது மினிட்டு. டாக்டர் ருக்மாங்கதன்னு ஒரு கிறுக்குப் பிடிச்ச சயன்டிஸ்ட். ஆளு உண்டு. சிரி மட்டும் சரியாவல. மாமியோட சிரி எனக்கு வேணும். டப்பிங்கில் சேக்கலாம்."

விஜயம் கூடத்தில் நின்றபடியே சிரித்துக் காட்டினாள். அனந்தபத்மநாபன் உள்ளே செம்பைக் கீழே போட்டார். டப்பிங்கில் சேர்த்துப் பார்த்தபோது ஆண்பிள்ளை வாய்க்கு அந்தச் சிரிப்பு பொருந்தவே இல்லை. ஊர் பேர் தெரியாத யாரோ அலமாரிக்குள் இருந்து சிரிப்பது போல் இருந்தது. பிஜு இரண்டு நாள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். மூன்றாம் நாள் சிரிப்பை வைத்துக்கொண்டு ஆளை மாற்றிவிட்டான். டாக்டர் ருக்மாங்கதன் டாக்டர் ருக்மிணி ஆனார்.

அன்று விஜயம் மோர்க்குழம்பில் உப்புப் போட மறந்தாள். அனந்தபத்மநாபனும் சொல்லாமல் சாப்பிட்டார்.

படக் குழு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. டைரக்‌ஷனும் காமிராவும் பிஜு. மேக்கப்பிலிருந்து புகை போடுவதுவரை எல்லாம் ஜினி. பியூட்டி பார்லர் வைத்திருக்கும் துறுதுறுப்பான பெண். தயாரிப்பாளர் செல்வின், நெய்யாற்றின்கரையில் பேக்கரிக்காரர். பூதம் ராஜையன். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த கொத்தனார். ஆறடி இரண்டங்குலம். பேசினால் பச்சைக் குழந்தை.

ஆய்வுக்கூடத்துச் சாமான்களுக்கு விஜயமும் ஜினியும் சாலைக் கடைத்தெருவை இரண்டு நாள் அலசினார்கள். ஊறுகாய்ப் பரணி, பால் கேன், பிளம்பிங் குழாய், மூடி இல்லாத பிரஷர் குக்கர், பழைய மெயின் சுவிட்ச் ஒன்று. "வீட்டில் என்ன விசேஷம்?" என்று கடைக்காரர் கேட்டார். "பூதம் பண்றோம்" என்றாள் விஜயம். அவர் மறுவார்த்தை பேசாமல் கட்டிக் கொடுத்தார். மருந்துக்கு மஞ்சள் கரைத்த தண்ணீர், புகைக்குத் தேங்காய் நாரும் சாம்பிராணியும். மூளைக்குக் கசாப்புக் கடைக்குப் போகலாம் என்றான் பிஜு. விஜயம் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்: அது வந்தால் நான் வரமாட்டேன். ஆகவே மூளைக்குக் காலிஃப்ளவர், குடலுக்கு இடியாப்பம், இதயத்துக்குப் பீட்ரூட். ஒரு வெங்காயம்கூடச் சேராத பயங்கரம் அது.

ரத்தம் மட்டும் கடையில் வாங்கியது. சர்க்கரைப் பாகில் சாயம் கலந்த சரக்கு. முதல் நாள் பரீட்சைக்காக விஜயத்தின் முழங்கையில் தடவினார்கள். பத்து நிமிஷத்தில் ஸ்ரீவராகத்து எறும்பெல்லாம் அவள் கையில் ஏறி நின்றது.

"இதெல்லாம் ஒரு ரத்தமா?" என்றாள், கையை உதறிக்கொண்டே. "விடுங்கோ, நான் ஆரத்தி கரைச்சுண்டு வரேன்."

அந்தத் தெருவில் முப்பது வருஷமாகக் கல்யாணம், சீமந்தம் எதுவானாலும் ஆரத்தி கரைப்பது விஜயம்தான். மஞ்சள் பொடியில் கொஞ்சம் சுண்ணாம்பைக் குழைத்துத் தண்ணீர் விட்டால், சொல்லி வைத்தாற்போல் ரத்தச் சிவப்பு. தாம்பாளத்தில் ஜினி விரலைவிட்டுப் பார்த்துக் கூவினாள். பிஜு காமிராவில் பார்த்துவிட்டு, "மாமி, இது ஒறிஜினல்!" என்று குதித்தான்.

ஆரத்தியை எத்தனையோ ஆயிரம் தடவை கரைத்த விஜயத்துக்கு அதைப் பற்றி ஒரு விஷயம் மட்டும் தெரியாது. தெரிய வழியும் இல்லை. ஆரத்தியை யார் வைத்துக்கொண்டு பார்த்தார்கள்? சுற்றின கையோடு வாசலில் கொட்டிவிடுவதுதானே வழக்கம்!

இப்படி எல்லாம் கூடி வந்த நேரத்தில்தான் செல்வினுக்கு ஒரு யோசனை பிறந்தது.

"மாமி ஒண்ணும் நெனைக்கப்பிடாது" என்று ஆரம்பித்தார். இப்படி ஆரம்பிக்கிற பேச்சு எதுவும் நல்லதாக முடிந்ததில்லை. "நம்ம கடைக்கு கேக்கு வாங்க வருவாவ ஒரு சீரியல் நடிகை. கேட்டுப் பாத்தேன், ஒரு நாளு வாறேன்னு சொல்லியாச்சு. கிளைமாக்ஸில டாக்டர் ருக்மிணி ஒரு மருந்து குடிக்கா. குடிச்சதும் இருபத்தஞ்சு வயசு ஆயிருது. பொறவு அந்தப் பிள்ள வந்து செத்துக்கிடும். யூடியூப்பில ஆளு பாக்கண்டாமா?"

அநியாயம் என்னவென்றால், யோசனையில் குற்றம் சொல்ல முடியாது. கிறுக்கு விஞ்ஞானி படத்தில் மருந்து குடித்து இளமையாவது எத்தனை தடவை விஜயமே பார்த்துக் கைதட்டியிருக்கிறாள்! நாற்பது நிமிஷப் படத்தில் முப்பத்தைந்து நிமிஷம் அடுப்பூதியவள் இவள். இலை போட்டதும் உட்காரப் போவது வேறொருத்தி.

பிஜு அவளுக்காக மல்லுக்கு நின்றான். கடைசியில் ஓர் உடன்படிக்கை ஆயிற்று. பழைய கல்லூரிக் கட்டடம் ஒன்றில் கெமிஸ்ட்ரி லேப் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை அதை இடிக்கப் போகிறார்கள். அந்த ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிக்குள் சாவுக் காட்சி முடிந்தால் மாமியே சாகலாம். முடியாவிட்டால் மருந்து குடித்தே ஆக வேண்டும்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கே விஜயம் லேபில் இருந்தாள். வராந்தாவில் பித்தளை அண்டா நிறைய ஆரத்தி. பிஜுவின் மைத்துனி மெடிக்கல் காலேஜில் படிப்பவள், அவளுடைய கோட்டு. விஜயத்தின் அளவுக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். மர மேஜைகள், பீங்கான் தொட்டிகள், சுவரெல்லாம் ஆசிட் கறை. விஜயம் நடுவில் போய் நின்று ஒரு சுற்றுச் சுற்றினாள். பன்னிரண்டு வயதில் பார்த்த பாதாள அறைக்குள் ஒருவழியாக வந்து சேர்ந்துவிட்டாள்.

பத்தரைக்குள் பூதம் உயிர்த்து எழுந்து, குடுவைகளை உடைத்து, டாக்டரைத் தோளில் அறைந்தது. ஜினி ஒரு செம்பு ஆரத்தியைத் தோளிலிருந்து வழியவிட்டாள். வெள்ளைக் கோட்டில் அது சிவப்பாக ஓடியதைப் பார்த்து ராஜையனே பயந்துபோய், "எம்மா, வலிச்சிட்டா?" என்று கேட்டுவிட்டான். அடுத்தது சாவு. விஜயம் தயார். பிஜு காமிராவைத் தோளில் தூக்கினான்.

கரண்ட் போயிற்று.

பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று. ஒளியும் இல்லை, விசிறியும் இல்லை. கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு விஜயம் பெஞ்சில் உட்கார்ந்தாள். மத்தியானம் அனந்தபத்மநாபன் எல்லாருக்கும் தயிர் சாதமும் வடுமாங்காயும் கொண்டுவந்தார். பூதத்தின் முகம் கண்ணில் பட்டுவிடப் போகிறதே என்று லேபுக்குள் வரவில்லை. வராந்தாவில் வைத்துவிட்டு, தூணைப் பார்த்தபடி பேசினார்.

"நான் அஞ்சு மணிக்கு வரேன். அதுக்குள்ள ரத்தம் கித்தம் எல்லாம் முடிஞ்சிருக்கும் இல்லையோ?"

"எல்லாம் முடிஞ்சு துடைச்சு வச்சிருப்போம், தைரியமா வாங்கோ" என்றாள் விஜயம்.

மூன்றே முக்காலுக்குக் கரண்ட் வந்தது. கைதட்டல், விசில். ஜினி ஓடிப்போய் ஆணியிலிருந்து கோட்டை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள்.

கோட்டில் ரத்தம் இல்லை. தோளிலிருந்து இடுப்புவரை மஞ்சளாக ஒரு கறை காய்ந்து கிடந்தது. ஆரத்தி காய்ந்தால் சிவப்பு போய் வெறும் மஞ்சளாகிவிடும் என்பது உலகத்தில் முதல் தடவையாக அன்றைக்குத்தான் விஜயத்துக்குத் தெரிந்தது.

"மாமி பந்தியில சாம்பார் கொட்டிட்டு வந்த மாதிரில்லா இருக்கு" என்றார் செல்வின். சிரிக்காமல் சொன்னார், அதுதான் சுட்டது.

பரவாயில்லை, மேலே புதிதாக ஊற்றினால் போயிற்று. விஜயம் வராந்தாவுக்கு ஓடினாள். பித்தளை அண்டா பளபளவென்று அலம்பிக் கவிழ்த்து வைத்திருந்தது. அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. போனை எடுத்தாள்.

"ஏன்னா, அண்டால இருந்த ஆரத்தி என்ன ஆச்சு?"

"வாசல்ல கொட்டிட்டேன்" என்றார் அனந்தபத்மநாபன் சமர்த்தாக. "ஆரத்திய அப்படி வச்சிண்டு இருக்கப்படாது, தெரியாதா நோக்கு? நீ வேலை மும்முரத்துல மறந்துட்டேன்னு நானே கேட்டுக்கு வெளில கொட்டி, அலம்பி வச்சேன்."

திட்டலாம் என்று வாயைத் திறந்தாள். என்னவென்று திட்டுவது? அவள் கையில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். "சமர்த்து" என்று சொல்லி போனை வைத்தாள்.

மருந்துக்குக் கரைத்த மஞ்சள் தண்ணீரும் காலையிலேயே குடுவைகளோடு உடைந்து தரையில் போய்விட்டது. கையில் ஒரு சிட்டிகை மஞ்சள் இல்லை. ஜினி ஸ்கூட்டரில் பறந்துபோய் வந்தாள். பக்கத்திலிருந்த இரண்டு கடையும் ஞாயிறு விடுமுறை. சாலைக் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்ப முக்கால் மணி ஆகும். மணி நாலே கால். ஐந்துக்குப் பூட்டுவேன் என்று வாட்ச்மேன் சாவியோடு படியில் உட்கார்ந்துவிட்டான்.

செல்வின் போனை எடுத்து சீரியல் நடிகையின் நம்பரைத் தேடினார். விஜயம் அந்த மஞ்சள் கோட்டை மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துதான் விட்டது.

ராஜையன் பக்கத்தில் வந்து நின்றான். வருத்தம் வந்தால் அவனுக்கு வெற்றிலை போட்டாக வேண்டும். முகமெல்லாம் களிமண் தையலோடு, டப்பாவைத் திறந்து, வெற்றிலை முதுகில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே குனிந்தான்.

"எம்மா, அழாதிய. இம்புட்டு மஞ்சளா போச்சே, இது தொவைச்சாலும் போவாது போலுக்கே" என்று அவள் தோளில் இருந்த கறையை ஒரு விரலால் தொட்டான்.

தொட்ட இடத்தில் ரத்தம் வந்தது.

விரலளவுக்கு ஒரு சிவப்பு. ஈரம் படப் படக் கண்ணெதிரே விரிந்தது. ராஜையன் தன் விரலைப் பார்த்தான், கோட்டைப் பார்த்தான், "ஆத்தா!" என்று இரண்டடி பின்னால் குதித்தான். விஜயம் துள்ளி எழுந்தாள். மஞ்சள்தான் கோட்டிலேயே இருக்கிறதே! குறைந்தது சுண்ணாம்புதான். அது பூதத்தின் மடியிலேயே இருக்கிறது!

"பிஜு! ஓடி வா! ராஜையா, இன்னொருக்கா தொடுப்பா. இங்க தொடு!"

இன்னொரு விரல். இன்னொரு ரத்தம். பிஜு தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டான்.

"மாமி, காலையில எடுத்த அடியே வேண்டா! பூதம் அடிக்கவேண்டா! தொட்டா மதி, அது போதும்! தொட்ட இடத்தில் ரத்தம் வருது. எந்தம்மோ, கிராபிக்ஸ்காரன் தோத்துப்போவும்!"

அப்புறம் அந்த லேபில் நடந்தது கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வந்துவிட்டார் என்றதும் நடக்குமே, அந்த மாதிரி. கோட்டில் இருப்பது டாக்டர் காய்ச்சிய மருந்து, குடுவை உடைந்தபோது மேலே கொட்டியது என்று பிஜு அங்கேயே கதையைத் திருத்தினான். டப்பாவில் இருந்த சுண்ணாம்பு முழுவதையும் விஜயம் ஒரு டம்ளரில் கரைத்துத் தெளியவிட்டாள். பார்க்க வெறும் தண்ணீர். ஜினி அதை முதலுதவிப் பெட்டியிலிருந்த டிரிப் பையில் ஊற்றி, அதன் குழாயை ராஜையனின் சட்டைக் கைக்குள் விட்டு, உள்ளங்கைவரை கொண்டுவந்து பிளாஸ்திரி போட்டாள். சுண்ணாம்பு தோலில் படாமல் விஜயத்தின் கோட்டுக்குள் ஒரு பாலிதீன் பை. செல்வின்கூட போனைப் பையில் போட்டுவிட்டுச் சாம்பிராணிக்கு விசிறினார். ஒரு கோட்டு, ஒரு டம்ளர் தண்ணீர், ஒரே ஒரு தடவை. மணி நாலே முக்கால்.

"ஆக்‌ஷன்!"

புகைக்குள்ளிருந்து பூதம் வந்தது. டாக்டர் ருக்மிணி பின்வாங்கவில்லை. "வாடா என் கண்ணே" என்று இரண்டு கையையும் நீட்டினாள். அது வசனத்தில் இல்லை, தானாக வந்தது. பூதம் உள்ளங்கையை மெதுவாக அவள் தோளில் வைத்தது. மஞ்சளுக்குள்ளிருந்து சிவப்பு கசிந்து, விரிந்து, ஓடி இறங்கியது. யாரும் குத்தவில்லை, யாரும் வெட்டவில்லை. விஜயம் குனிந்து தன் ரத்தத்தைப் பார்த்தாள். தன் பரிசோதனை பலித்துவிட்ட விஞ்ஞானியின் ஆனந்தம் அவளுக்கு நிஜமாகவே வந்தது. தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். ஐம்பத்தாறு வருஷத்துச் சிரிப்பு. லேபின் கண்ணாடி ஜன்னல்கள் கிடுகிடுத்தன. ஒரு கையால் மெயின் சுவிட்சை எட்டிக் கீழே இழுத்தாள். ஜினி விளக்கை அணைத்து ஏற்ற, முழங்கால் மடங்கி, பக்கவாட்டில் சரிந்து, தரையில் விழுந்து கண்ணை மூடினாள்.

எவ்வளவு நன்றாக வந்துவிட்டது! செத்துக் கிடந்தபடியே அவள் மனசு கூத்தாடியது. இன்னும் பத்து எண்ணும்வரை மூச்சு விடக்கூடாது, அவ்வளவுதான். ஒன்று, இரண்டு, மூன்று.

"விஜயம்!"

நாலாவது எண்ண மறந்து போயிற்று. அந்தக் குரல் படத்தில் இல்லாத குரல்.

எல்லாம் முடிந்திருக்கும் என்று நம்பிக் கால் மணி முன்னதாகவே வந்த அனந்தபத்மநாபன், தைரியமாக லேப் வாசலில் கால் வைத்திருந்தார். கத்தி இல்லை, அடி இல்லை. மனைவியின் தோளில் தானாக ரத்தம் ஊறி வழிவதையும், அவள் சுவிட்சைத் தொட்டதும் விளக்கெல்லாம் அணைந்து அணைந்து எரிவதையும், அவள் விழுவதையும் பார்த்தார். விளம்பரத்துக்கே எழுந்து போகிற மனிதர் ஆறடிப் பூதத்தை நோக்கி நேரே ஓடினார். குடையால் அதன் முதுகில் ஒரு போடு போட்டார்.

"சீ, போடா அந்தண்டை!"

ராஜையன் உண்மையாகவே பயந்து பின்வாங்கினான். பூதம் அப்படி அழகாகப் பின்வாங்கியதை எந்த டைரக்டரும் சொல்லிக் கொடுத்திருக்க முடியாது. பிஜு காமிராவை நிறுத்தவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னும் கிட்டப் போனான்.

"விஜயம், ஷாக் அடிச்சுடுத்தா? கண்ணைத் திறடி. நான் என்ன பண்ணுவேன், நேக்கு என்ன தெரியும், கண்ணைத் திறடி..."

தரையில் மண்டியிட்டு அவர் அழுதார். முப்பத்தொரு வருஷத்தில் அவர் அழுது அவள் கேட்டதில்லை. கண்ணைத் திறந்தால் போதும், அழுகை நின்றுவிடும். திறந்தால் ஷாட் போய்விடும். டாக்டர் ருக்மிணி மருந்து குடிக்க வேண்டியதுதான். விஜயம் இமையை இறுக்கிக்கொண்டாள். செத்தாள், அசையாமல் செத்தாள். இடது கை மட்டும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. அவர் வேஷ்டி ஓரம் விரலில் பட்டது. கை அதைப் பிடித்துக்கொண்டது.

"கட்!" என்றான் பிஜு.

அதற்கப்புறம் குதியும் கும்மாளமும். செல்வின் பஃப்ஸ் பெட்டியைத் திறந்தார். டாக்டருக்கு ஒரு கணவன் இருந்தான் என்று படம் முடியும், இதைவிட நல்ல முடிவு கிடையாது என்று பிஜு சத்தியம் செய்தான். ராஜையன் அனந்தபத்மநாபன் காலைத் தொட்டுக் கும்பிட்டான். பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு ஒரே ஒரு தடவை கேட்டார்.

"நான் அழுதது கேட்டுதா நோக்கு?"

"கேட்டுது."

"கேட்டுண்டேதான் கிடந்தியா?"

அவள் கை வேஷ்டியைப் பிடித்ததை அந்தப் பதற்றத்தில் அவர் கவனிக்கவே இல்லை. இப்போது சொன்னால் சமாதானத்துக்குச் சொல்வதுபோல் இருக்கும். தவிர, அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது. எத்தனை பேர் சாவைக் குறை சொன்னவள்! பிணம் வேஷ்டியைப் பிடிக்குமா? பிஜு பார்த்துவிட்டால் அந்த ஷாட்டையே வெட்டிவிடுவானே என்று மூன்று மாதம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அவரும் முன்போல்தான் இருந்தார்; காப்பி கேட்டார், பேப்பர் படித்தார். ஆனால் கலகலப்பில்லை.

படத்தைக் கரமனையில் ஒரு வாசகசாலை ஹாலில், ஞாயிறு மத்தியானம் மூன்று மணிக்குப் போட்டார்கள். நூறு நாற்காலி, நூற்றைம்பது பேர். வழக்கம்போல் வாசல்வரை வந்த அனந்தபத்மநாபன் எதிர்க் கடையைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு அவளோடு உள்ளே வந்து உட்கார்ந்தார். விஜயத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

காலிஃப்ளவர் மூளைக்குப் பிள்ளைகள் அலறின. இடியாப்பக் குடலுக்கு ஒரு பெண்மணி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனாள். அனந்தபத்மநாபன் துண்டால் முகத்தை மூடி, ஓர் ஓரத்தில் மட்டும் ஒற்றைக் கண்ணுக்கு இடம் விட்டிருந்தார். பூதம் தோளைத் தொட்டது, ரத்தம் பூத்தது, ஹாலே எழுந்து நின்றது. டாக்டர் சிரித்தாள், சரிந்தாள். வேஷ்டி கட்டிய ஒருவர் குடையோடு ஓடிவந்தார். யாரும் சிரிக்கவில்லை.

கடைசியில் காமிரா கீழே இறங்கியது. தரையில் டாக்டர் ருக்மிணியின் இடது கை. பெரிதாக, திரை முழுக்க. மூன்று விரல் மடங்கி வேஷ்டி ஓரத்தை இறுகப் பிடித்திருந்தது. பிஜு வெட்டவில்லை.

கைதட்டல் எழுந்தது. விஜயம் தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் துண்டு கீழே விழுந்தது. அனந்தபத்மநாபன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார், இரண்டு கண்ணாலும். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவள் பக்கம் குனிந்து, வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"ஆள் போயாச்சா?"

விஜயம் உதட்டைப் பிதுக்கினாள்.

"சரியாப் போகலை" என்றாள்.